பாரா-சைலீனுக்கு விரவல் தடைதான் துணை
நுண்துளைகள் நிறைந்த அலுமினோசிலிக்கேட்டான சியோலைட்டின் படிகத்தை எவ்வளவு சிறிதாக்குகிறோமோ அவ்வளவுக்கு வினையூக்கி மேம்படும் என்று இந்தக் கட்டுரை பொத்தாம்பொதுவாகச் சொல்லிச் செல்வதை ஏற்க இயலவில்லை. மெத்தனாலை ஹைட்ரோகார்பன்களாக மாற்றும்போது இது பெரும்பாலும் பொருந்தும். மூலக்கூறு துளைகளினூடே கடக்க வேண்டிய தொலைவு குறைந்தால் அதன் நகர்வுக்கான தடை, அதாவது விரவல் தடை, குறைந்து கரிப்படிவு தாமதமாகி வினையூக்கியின் ஆயுள் நீள்கிறது. ஆனால் டொலுயீனிலிருந்து பாரா-சைலீன் தயாரிக்கும் இசட்.எஸ்.எம்.-5 என்ற சியோலைட் வினையூக்கியில் அதே தடைதான் கைகொடுக்கிறது. சுமார் 0.55 நானோமீட்டர் அகலமுள்ள அதன் நுண்துளைகளில் பாரா-சைலீன் மற்ற இரு மாற்றியங்களைவிட (அதே அணுக்கள் வேறு அமைப்பில் இணைந்த சைலீன்கள்) பன்மடங்கு விரைவாக நகர்வதால், ஆர்த்தோவும் மெட்டாவும் பெரும்பாலும் உள்ளேயே சிக்கி, பாராவாக உருமாறிய பிறகே வெளியேறுகின்றன. சமநிலையில் சைலீன்களில் கால் பங்கை ஒட்டியே இருக்க வேண்டிய பாரா, தக்கபடி பதப்படுத்திய வினையூக்கியில் 90 விழுக்காட்டைத் தாண்டுவது இதனால்தான். இதற்காகவே பெரிய படிகங்களைத் தேர்ந்தெடுப்பதும், சிலிக்கா பூசியோ வேண்டுமென்றே கரி படியவிட்டோ துளைவாயை இறுக்குவதும் வழக்கத்தில் உள்ளன. நானோ படிகத்திலோ புறப்பரப்பின் அமிலத் தளங்கள் பெருகி, வெளிவந்த பாராவை மீண்டும் கலவையாக்கிவிடும். படிகங்களைச் சேர்த்துச் செய்த வினையூக்கி உருண்டைகளைப் பொடித்துச் சோதித்தால் தடை தெரிந்துவிடும் என்று மேலே ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பொடிப்பதால் உருண்டையின் பெருந்துளைகளில் உள்ள தடை மட்டுமே குறையும், மைக்ரான் அளவுப் படிகத்துக்குள் இருப்பது அப்படியே நிற்கும், அதைக் கண்டறிய ஒரே சிலிக்கான்-அலுமினிய விகிதத்தில் வெவ்வேறு அளவுப் படிகங்களைத் தயாரித்து ஒப்பிட வேண்டும்.