மரங்கொத்தியின் தலையில் மெத்தை இல்லை

“மரங்கொத்தியின் நாக்கு மூளையைச் சுற்றிக்கொண்டு, மெத்தைபோல அதிர்ச்சியைத் தாங்குகிறது” என்று ஒரு செய்தி படத்தோடு பரவி வருகிறது. படிக்க அழகாக இருக்கிறது, ஆனால் தவறு.

முதலில் நாக்கு. அதைத் தாங்கும் மெல்லிய எலும்புகள் தொண்டையிலிருந்து பின்மண்டை வழியாக வளைந்து உச்சந்தலைக்கு வருவது உண்மைதான். ஆனால் அவை மண்டையோட்டுக்கு வெளியே, தோலுக்கு அடியில் ஓடுகின்றன. மூளையைத் தொடுவதே இல்லை. அப்புறம் அவ்வளவு நீளம் எதற்கு? ஐரோப்பிய, ஆசியக் காடுகளில் வாழும் கருப்பு மரங்கொத்தியைப் பாருங்கள். காக்கை அளவுப் பறவை, உடல் முழுக்கக் கருப்பு, ஆணுக்கு நெற்றி முதல் பிடரி வரை சிவப்பு. உளுத்த மரத்தை உடைத்து, எறும்புகள் குடைந்த வழிக்குள் நாக்கை விடும். பிசுபிசுப்பிலும் முனையில் இருக்கும் முட்களிலும் எறும்புகள் சிக்கிக்கொள்ளும். நீளம் இரைக்காகத்தான்.

சரி, மண்டையோடாவது அதிர்ச்சியை உறிஞ்சுமா? 2022-இல் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தின் சாம் வான் வாசன்பெர்க் குழு, இந்தப் பறவை உட்பட மூன்று இனங்கள் கொத்துவதை அதிவேகக் கேமராவில் ஆராய்ந்தது. அலகு நின்ற அதே வேகத்தில் தலையும் நின்றது. இடையில் எதுவும் அமுங்கவில்லை. யோசித்தால் நியாயம்தான்: சுத்தியல் முனையில் ரப்பரைக் கட்டினால் ஆணி இறங்குமா?

மூளை தப்புவது அதன் சிறிய அளவால். எடை குறைவு என்பதால், அதே அதிர்ச்சியில் அதற்குள் உண்டாகும் அழுத்தமும் குறைவு.