மூர் மார்க்கெட் இருந்த இடம்

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 18 அன்று நானும் என் கணவரும் அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் புறநகர் நிலையத்துக்கு வந்து இறங்கி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டு, அடுத்த ரயிலில் வீடு திரும்புகிறோம். இதைக் கேள்விப்பட்ட உறவினர் ஒருவர், "அங்கே என்ன இருக்கிறது என்று போகிறீர்கள்? நல்ல கோயிலுக்காவது போகக் கூடாதா?" என்று அண்மையில் கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். அவருக்கு அப்போது சரியாகப் பதில் சொல்ல முடியாமல் போனதால் இங்கே எழுதுகிறேன்.

இன்று புறநகர் ரயில்கள் வந்து நிற்கும் அந்த நிலையத்தை மூர் மார்க்கெட் வளாகம் என்று ரயில்வே இன்னும் குறிப்பிடுகிறது. அந்த மண்ணில் உண்மையாகவே ஒரு சந்தை இருந்தது என்பது இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் 1898-இல் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1900-இல் அது திறக்கப்பட்டது. செங்கல் நிறமும் வளைவுகளும் கொண்ட இந்தோ-சாரசெனிக் கட்டடம் அது. கிராமபோன் இசைத்தட்டு, பழைய கடிகாரம், கூண்டுப் பறவை, வளர்ப்பு மீன் என்று எதைத் தேடிப் போனாலும் கிடைக்கும் என்றாலும், என்னைப் போன்ற மாணவர்களுக்கு மூர் மார்க்கெட் என்றால் பழைய புத்தகக் கடைகள்தான். புதிய பாடநூல் வாங்க வசதியில்லாத பல தலைமுறைப் பிள்ளைகள் அந்தக் கடைகளின் தயவால் பட்டம் பெற்றார்கள்.

நாங்கள் முதன்முதலில் தனியாகச் சந்தித்த நாளான 1984 பிப்ரவரி 18 ஒரு சனிக்கிழமை. பி.காம். இரண்டாம் ஆண்டுக்கான கணக்கியல் புத்தகம் ஒன்று எனக்குத் தேவைப்பட்டது. தேடித் தருவதாக, பின்னாளில் என் கணவரான அவர் சொல்லியிருந்தார். பெரம்பூரிலிருந்து பேருந்தில் வந்தபோது, எங்கள் தெருக்காரர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் எனக்குக் கை சில்லிட்டிருந்தது. அவர் எனக்கு முன்பே வந்து ஒரு தூணருகில் நின்றிருந்தார். நான்கைந்து கடைகள் ஏறி இறங்கிய பிறகு புத்தகம் கிடைத்தது. பன்னிரண்டு ரூபாய் சொன்னதை எட்டு ரூபாய்க்குப் பேசி முடித்தோம். முதல் பக்கத்தில் நீல மையில் யாரோ ஒரு மாணவியின் பெயர் எழுதியிருந்தது. பிறகு பக்கத்திலிருந்த உயிரியல் பூங்காவுக்கு நடந்தோம். எதிர்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் திரும்பும் பேருந்தில் என் மனத்தில் அச்சம் இருக்கவில்லை.

அடுத்த ஆண்டும் அதே நாளில் அங்கே போனோம். பிறகு 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. நாங்கள் நடந்த உயிரியல் பூங்காவும் அதே ஆண்டில் வண்டலூருக்குப் போய்விட்டது. எஞ்சிய வியாபாரிகள் அருகிலிருந்த அல்லிக்குளம் வளாகத்துக்கு இடம்பெயர, சந்தை இருந்த நிலத்தில் ரயில் நிலையம் எழுந்தது. ஆக, அந்தத் தேதியில் அந்தக் கட்டடத்துக்குள் நாங்கள் நின்றது இரண்டே முறை. மற்ற ஆண்டுகளில் எல்லாம் இல்லாத இடத்துக்கே போய்க்கொண்டிருக்கிறோம்.

அவர் நின்றிருந்த தூண் எங்கே இருந்தது என்பதில் எங்களுக்குள் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. ரிப்பன் கட்டடத்தின் மணிக்கூண்டை அடையாளமாக வைத்து, இப்போது பயணச்சீட்டு கொடுக்கும் இடத்துக்கு அருகில் என்று அவர் சொல்வார்; இன்னும் சற்று முன்னால், கார்கள் நிற்கும் பக்கம் என்பது என் எண்ணம். மெட்ரோ பணிகளுக்காகத் தகரத் தடுப்புகள் வைத்திருந்த ஆண்டுகளில் மணிக்கூண்டு சரியாகத் தெரியாமல் போய், இருவரும் உண்மையாகவே கலங்கினோம். நிலையத்தின் முன்பாக மூர் மார்க்கெட்டின் சிறிய மாதிரி வடிவம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

உறவினரின் கேள்விக்கு வருகிறேன். எங்கள் திருமண நாள் எங்களுடையது மட்டும் அல்ல. இரண்டு குடும்பங்களும் சம்மதிப்பதற்கு மூன்று ஆண்டுகள் ஆயின. 1987 ஆவணியில் பெரியவர்கள் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்தார்கள், பத்திரிகை அடித்தார்கள், முன்னூறு பேர் வந்து வாழ்த்தினார்கள். அதற்கு ஆல்பம் உண்டு, சாட்சிகள் உண்டு. நாங்கள் மறந்தாலும் ஊர் நினைவுபடுத்தும். முதல் சந்திப்புக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. அது நடந்தது என்பதை அறிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். கட்டடமும் போய்விட்ட பிறகு, அந்த இரண்டு பேரும் போகாவிட்டால் அந்த நாள் எங்குமே இல்லாமல் போய்விடும். இதற்காகவே போகிறோம். ஆகவேதான் உயர்தர உணவகத்தில் மேசை பதிவு செய்வதாக மகள் சொன்னபோதும் நான் இசையவில்லை. விருந்து எங்கு வேண்டுமானாலும் கிடைக்கும்.

இதனால் மனக்கசப்பே வராது என்று நான் சொல்ல மாட்டேன். 2004-இல், கிராமத்து நிலத்தை விற்பது பற்றிய சண்டையில் இருவரும் பேசி நான்கு நாள்கள் ஆகியிருந்தன. அன்றும் புறப்பட்டோம். ரயிலில் அவர் ஒரு பெட்டியிலும் நான் மகளிர் பெட்டியிலுமாக வந்து, நிலையத்தில் ஒரே இருக்கையில் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தோம். வெகுநேரம் கழித்து, "அந்தப் புஸ்தகத்துல யாரு பேரு எழுதியிருந்துது, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். சொன்னேன். நிலப் பிரச்சினை அன்று தீரவில்லை, அதற்கு மேலும் இரண்டு மாதங்கள் ஆயின. ஆனால் அதைப் பற்றி இருவரும் உட்கார்ந்து பேசத் தொடங்கியது அந்த இருக்கையில்தான்.

காதலித்து மணந்தவர்களுக்கு மட்டுமே இப்படி ஓர் இடம் இருக்கும் என்று நினைப்பது தவறு. பெரியவர்கள் பார்த்து முடித்த திருமணத்திலும், கூட்டம் விலகி, இருவரும் முதன்முதலில் மனம்விட்டுப் பேசிய இடம் ஒன்று இருக்கும். அது மொட்டைமாடியாக இருக்கலாம், பேருந்து நிறுத்தமாக இருக்கலாம். அழகாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்த ஆண்டு, தானும் வருவதாக மகள் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவளும் மாப்பிள்ளையும் முதன்முதலில் தனியாகப் பேசியது எங்கே என்று கேட்டேன். அண்ணா நகர் டவர் பூங்கா என்றாள். திருமணத்துக்குப் பிறகு அங்கே போகவே இல்லையாம். தேதியும் நினைவில்லை என்றாள். சற்று நேரம் கழித்து மாப்பிள்ளையைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டாள். அவருக்கு நினைவிருந்தது.