ஃபிளெக்ஸ் அடித்த பிறகு என்ன கருத்துக் கேட்பு?

நம் ஊருணிக் கரையில் வைக்கப்போகிற சிலை பற்றி நேற்று ராத்திரி ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் நடந்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் பாக்கியவான்கள். நான் கேட்டது ஒன்றுதான்: அந்த இடத்தை யார் முடிவு செய்தது? பதிலாக வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள் வந்தன. அப்புறம் ஒரு அண்ணன், "நல்ல காரியம் நடக்கும்போது குறுக்கே பேசாதம்மா" என்றார்.

சரி, இங்கே பேசுகிறேன். நான் சிலைக்கு எதிரி இல்லை. ஆச்சி சிலை வையுங்கள், பின்னால் ஆத்தங்குடிக் கல் பதித்துச் சுவரும் எழுப்புங்கள். ஆனால் ஊரில் காலத்துக்கும் நிற்கப்போகிற ஒன்றை ஊரைக் கேட்டுவிட்டு வையுங்கள். சிற்பிக்கு முன்பணம் கொடுத்து, திறப்பு விழாத் தேதியோடு ஃபிளெக்ஸும் அடித்துவிட்டு, "உங்கள் மேலான கருத்துகளை வரவேற்கிறோம்" என்பது, பத்திரிகை கொடுத்த பிறகு பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்கிற மாதிரி இருக்கிறது.

முதலிலேயே கேட்டிருந்தால் ஆடு மேய்க்கிற பையன்கூடச் சொல்லியிருப்பான், பீடத்துக்கு நீங்கள் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பது வரத்துக்கால் வாயில் என்று. மழைத் தண்ணீர் ஊருணிக்குள் இறங்குவதே அந்த வழியாகத்தான். 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் சேர்ந்ததை வருஷா வருஷம் ஃபார்வர்டு செய்கிறீர்களே, மழைத் தண்ணீரை ஊருணியில் சேர்க்கிற இந்த ஏற்பாடும் அந்தப் பெருமையில் சேர்ந்ததுதான். இப்போது ஆச்சியே நின்று தண்ணீரை மறிக்கப்போகிறார்.

கல்லுக்கு வருவோம். எங்கள் அப்பா ஆத்தங்குடிக் கல் போட்டவர். கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமென்டும் போட்டு அமுக்கி, தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற வேலை. சின்ன வயதில் கண்ணாடி தானாகக் கழன்று வருவதைப் பார்க்க நான் காத்துக் கிடப்பேன். வெளிச்சுவருக்குக் கல் வேண்டும் என்று யாராவது வந்தால், "தரைக்கல்லுய்யா இது, நடக்க நடக்கத்தான் மினுங்கும்" என்பார். சுவரில் யார் நடப்பது? தண்ணீர்க் கரை, ஈரம் ஏறும், உப்புப் பூக்கும். துடைக்க ஆளுக்கும் காசுக்கும் என்ன ஏற்பாடு? பராமரிப்புக்குக் கணக்கில் ஒரு ரூபாய்கூட இல்லை. ஃபிளெக்ஸுக்கு இருக்கிறது. அதில் நன்கொடையாளர் எல்லாருடைய முகமும் இருக்கிறது, சிற்பியின் பெயரை மட்டும் காணோம்.

"எல்லாரையும் கேட்டால் எதுவும் நடக்காது" என்பீர்கள். எங்கள் பக்கம் அய்யனாருக்கு மண்குதிரை கொண்டுபோய் வைக்கிற புரவியெடுப்பு எப்படி நடக்கிறது? ஊர் கூடிப் பேசி, பிடிமண் எடுத்து, மண்பாண்டம் செய்கிற வேளாரிடம் கொடுத்த பிறகுதான் மண்குதிரை செய்யத் தொடங்குவார்கள். ஃபிளெக்ஸ் இல்லாமலே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். தனக்குத் தோன்றியது என்று ஒருவர் குதிரை செய்து அய்யனார் வாசலில் இறக்கிவிட முடியுமா? அது சாமி காரியம் என்பீர்கள். இது ஆசாமி காரியம், அதனால் கேட்க வேண்டாமா?

நேரம் இல்லை என்றும் சொல்ல முடியாது. வருஷத்துக்கு ஆறு கிராமசபை கூடுகிறது. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றுகூட ஒன்று உண்டு. ஊருணியைப் பற்றிப் பேச இதைவிட நல்ல நாள் வேண்டுமா?

"கைக்காசு போட்டவர்களை நோகடிக்கிறாய்" என்பது அடுத்தது. அவர்கள் காசு அவர்களுடையது. ஊருணி யாருடையது?

உண்மையில் எனக்கு வலித்தது வேறு. "மதுரையில் உட்கார்ந்துகொண்டு ஊர்க் காரியம் பேசாதே" என்று ஒரு வரி. குழுவில் பாதிப் பேர் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். அங்கிருந்து பணம் அனுப்பினால் ஊர்க்காரர், மதுரையிலிருந்து கேள்வி அனுப்பினால் வெளியாள். அப்பா போட்ட கல் உங்களில் எத்தனை பேர் வீட்டு வளவில் கிடக்கிறது என்று நான் சொல்ல ஆரம்பித்தால் நன்றாக இருக்காது. அந்தக் கல்லில் நடந்துகொண்டுதான் என்னைக் குரூப்பிலிருந்து தூக்கியிருக்கிறீர்கள்.

தூக்கியது யார் என்று கேட்கமாட்டேன். (தெரியும்.) இன்னும் பீடத்துக்குக் குழி வெட்டவில்லை. கொஞ்சம் தள்ளி, அரசமரத்துப் பக்கம் மேடான இடம் இருக்கிறது. சாயங்காலம் படித்துறையில் உட்கார்கிற அப்பத்தாக்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தேதி தள்ளிப்போனால் ஃபிளெக்ஸ் வீணாகிவிடுமே என்று கவலைப்பட வேண்டாம், எங்கள் சித்தப்பா வீட்டு மாட்டுக்கொட்டகை ஒழுகுகிறது.