மைக் தூக்குவதற்கு மட்டும் மாணவர்கள் வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை மதுரையில் நடந்த கால்நடை மருத்துவர்கள் மாநாட்டில், கேள்வி கேட்க எழுந்த ஒரு மாணவனை அமர்வுத் தலைவர் நக்கலடித்து உட்கார வைத்ததை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். பார்த்துவிட்டுச் சிரித்தவர்கள் என் நட்புப் பட்டியலிலும் இருக்கிறார்கள் என்பது நேற்றுத்தான் தெரிந்தது. காணொளியில் தெரியாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த மூன்றாம் ஆண்டுத் தம்பியின் கையில் மைக்கைக் கொடுத்தவள், அதே படிப்புப் படிக்கும் நான். "என்ன தம்பி, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்கப் போகிறாயா?" என்று அமர்வுத் தலைவர் கேட்டு, அரங்கம் சிரித்து ஓய்ந்ததும், "அம்மா, அந்த மைக்கை வாங்கி டாக்டர்கள் பக்கம் கொடு" என்றாரே, அந்த அம்மாவும் நான்தான்.

அவன் என்ன கேட்க எழுந்தான் என்று ஒருவராவது விசாரித்தீர்களா? கன்றுக்குக் கால் முறிந்தால் ஃபைபர்கிளாஸ் கட்டுப் போடுவதைப் பற்றிப் பேச்சாளர் படம் காட்டிக்கொண்டிருந்தார். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் அது கைக்குக் கிடைக்காது. கிடைத்தாலும் ஒரு கன்றுக்காக அந்த விலை கொடுக்க யாரும் துணிய மாட்டார்கள். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பி.வி.சி. பைப்பை நீளவாக்கில் பிளந்து வைத்துக் கட்டினால் தாங்குமா? இதுதான் கேள்வி. அன்று காலையிலிருந்து அந்த அரங்கில் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே உருப்படியானது இதுதான் என்பேன். மற்றவை பெரும்பாலும் கேள்விகளே அல்ல, கேள்விக்குறி போட்ட சுயபுராணங்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். துறை வல்லுநர்கள் கூடும் மாநாட்டில் மாணவனுக்கு நாற்காலி வேண்டும். நாற்காலியோடு மைக்கும் வேண்டும்.

மாணவர்களே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே என்பீர்கள். உண்மைதான், நிறையவே வேண்டியிருக்கிறது. வாசலில் பன்னீர் தெளிக்க, சந்தனக் கிண்ணம் நீட்ட, குத்துவிளக்கு ஏற்றும்போது மெழுகுவர்த்தியோடு நிற்க, பொன்னாடையைத் தட்டில் ஏந்திவர. அதுவும் பெண்பிள்ளைகள் என்றால் பட்டுப்புடவையில் வரவேண்டும் என்று முதல்நாளே தகவல் வந்துவிடுகிறது. காலை ஆறு மணிக்கு ஆரப்பாளையத்தில் பஸ்ஸிலிருந்து புடவையோடு இறங்கியவர்கள் நாங்கள். விளக்கு ஏற்றி முடிந்து முதல் பேச்சு தொடங்கியதும், "பிள்ளைகளா, நாற்காலி போதவில்லை, பின்னால் போய் நில்லுங்கள்" என்றார்கள். நின்றோம். நின்றுகொண்டே குறிப்பெடுத்தோம்.

"மாணவர்கள் மாநாட்டுப் பைக்கும் சான்றிதழுக்கும்தான் வருகிறார்கள்" என்று ஒரு மூத்தவர் எழுதியிருந்தார். ஐயா, வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பதினோரு மணிக்கே குடும்பத்தோடு மீனாட்சியம்மனைத் தரிசிக்கப் போனவர்கள் எந்த ஆண்டு மாணவர்கள்? மதியம் மூன்று மணிக்கு முன்வரிசை முழுக்கக் காலி. அப்போதும் எங்களை உட்காரச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. பிரமுகர்களுக்கு ஒதுக்கிய வரிசையாம்.

"அடிப்படையே தெரியாதவர்களுக்கு வல்லுநர் பேச்சு எப்படிப் புரியும்? முதலில் புத்தகத்தைப் படியுங்கள்" என்பது இன்னொரு அறிவுரை. படிக்கிறோம். ஆனால் புத்தகம் வந்துசேரும் வேகம் உங்களுக்கும் தெரியும். மாட்டுக்குப் போட்ட டைக்குளோஃபினாக் என்ற வலிநிவாரணி ஊசிதான், அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்னும் பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொல்கிறது என்ற செய்தி, 2003 மே மாதம் புடாபெஸ்டில் வேட்டைப் பறவைகளுக்காக நடந்த மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. 'நேச்சர்' அறிவியல் இதழில் கட்டுரை வந்தது 2004 ஜனவரியில். நம் நாட்டில் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது 2006-இல். அந்த அரங்கின் கடைசி வரிசையில் ஒரு மாணவன் உட்கார்ந்திருந்தால், அவன் பாடநூலுக்கு எத்தனையோ ஆண்டுகள் முன்னால் போயிருப்பான். எல்லா மாநாட்டிலும் இப்படி ஒன்று நடந்துவிடாது என்பது எனக்கும் தெரியும். எங்கே நடக்கும் என்று முன்கூட்டியே தெரியாது என்பதால்தான் எல்லாவற்றுக்கும் போகவேண்டியிருக்கிறது.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஃபைபர்கிளாஸ் கட்டைப் பற்றிப் பேசிய அதே பேச்சாளர் அன்று எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்திராத ஒரு படத்தைக் காட்டினார். அவரே கட்டுப்போட்ட கன்று. முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே முறிவு. எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகச் சேர்ந்திருந்தது. ஆனால் உள்ளே வைத்த பஞ்சு போதவில்லை. வீக்கம் ஏற ஏறக் கட்டு இறுகி, இரத்த ஓட்டம் நின்றுவிட்டது. அடுத்த படத்தில் கட்டுக்குக் கீழே தோல் கறுத்துத் தோல்பை போலத் தொங்கியது. "நான் எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே தெரிந்த குளம்பைத் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டிருந்தால் சில்லென்று இருந்திருக்கும்" என்றார். அவ்வளவு பெரிய மனிதர், நானூறு பேர் முன்னால். தேர்வுக்குப் படித்ததில் பாதி மறந்துபோகும். அந்தச் 'சில்லென்று' இனி என் விரலை விட்டுப் போகாது.

தம்பிக்கு அவர் பதிலும் சொன்னார், தேநீர் மேசைக்குப் பக்கத்தில், தானாகவே அவனைத் தேடி வந்து. பைப் தாங்கும். முறிவுக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாதபடி நீளம் இருக்க வேண்டும். வெட்டிய விளிம்பு தோலில் குத்தாமல் பஞ்சை இன்னும் கொஞ்சம் தடிமனாக வைக்க வேண்டும். தினமும் காலையில் குளம்பு சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்லி மாட்டுக்காரரைப் பழக்க வேண்டும். வல்லுநருக்கு மாணவனோடு பேசுவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. இடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் பொறுக்கவில்லை.

மாநாடு என்பது மருந்துக் கம்பெனிகளின் சந்தை என்கிறார்கள் சிலர். பாதி உண்மை, அதற்குத் தனியாக ஒரு பதிவு போடலாம். மாணவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டு திரிகிறார்கள் என்கிறார்கள். திரிகிறார்கள்தான். மேடையில் பொன்னாடையோடு எடுத்த படங்களை மட்டும் யார் பதிவிட்டார்களாம்?

எனக்கு வலித்தது அந்தச் சிரிப்புதான். அதே மேடையில் காலையில் என்ன பேசினார்கள்? மனித மருத்துவர்கள் நம்மை மதிப்பதில்லை, அரசு மதிப்பதில்லை, கல்யாண வீட்டில் 'மாட்டு டாக்டர்' என்று ஒதுக்குகிறார்கள் என்று ஒரு மணி நேரம் புலம்பினார்கள். நானும் கை தட்டினேன். உள்ளுறைப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு இது. ஆனாலும் "ஏன், நீட்டில் மார்க் வரவில்லையா?" என்று கேட்காத உறவினர் எங்கள் வீட்டில் இல்லை. இங்கே மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குச் சேர்க்கையே பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் என்று விளக்கி விளக்கி அலுத்துவிட்டது. அந்த அவமானமெல்லாம் தெரிந்தவர்கள்தானே நீங்கள்? வெளியே வாங்கியதை வீட்டுக்குள் இளையவன் தலையில் இறக்கிவைக்கிறீர்களே, அது என்ன நியாயம்?

என் பதிவுக் கட்டணம் திருமங்கலம் ஆட்டுச் சந்தையில் அப்பா விற்ற ஒரு கிடாயின் காசு. வீட்டுக்குப் போனதும், "கூட்டத்தில் என்னம்மா சொன்னார்கள்?" என்று கேட்டார். சாப்பாட்டு நக்கலைச் சொல்லவில்லை. கறுத்துப்போன காலைச் சொன்னேன். நாற்பது ஆண்டுகளாக மூங்கில் பத்தை வைத்து ஆட்டுக்குக் கட்டுப்போடுகிற மனிதர். நிதானமாகக் கேட்டுவிட்டு, "மாலையில் ஒருதரம் தளர்த்திக் கட்டுவேன், இதற்குத்தான் போலிருக்கிறது" என்றார். அந்த அரங்கில் அவருக்கு மைக் கொடுத்திருந்தால் என்ன சொல்லிச் சிரித்திருப்பார்களோ.

"சின்ன விஷயம், தலைவர் விளையாட்டாகச் சொன்னார், இதைப் பெரிதாக்காதே, நாளைக்கு மேற்படிப்புக்கு அவர்தான் நேர்காணலில் உட்காருவார்" என்று உள்பெட்டியில் அக்கறையோடு எச்சரித்த அண்ணன்மார்களுக்கு நன்றி. விளையாட்டு என்றால் அந்தத் தம்பி ஏன் இரண்டு நாளாக யாருடைய போனையும் எடுக்கவில்லை?

அடுத்த மாநாட்டின் வரவேற்புக் குழுவுக்கு எங்கள் வகுப்பிலிருந்து ஆறு பெண்கள் வேண்டுமாம், நேற்றே கேட்டுவிட்டார்கள். என் பெயரைக் கொடுக்கவில்லை. கட்டணம் கட்டி, சாதாரணச் சுடிதாரில் வந்து, இரண்டாவது வரிசையில் உட்காரப் போகிறேன். தம்பிக்கும் சேர்த்துப் பணம் கட்டியாகிவிட்டது. சந்தனக் கிண்ணம் நீட்ட ஆள் குறைந்தால் அமர்வுத் தலைவரைக் கேட்டுப் பாருங்கள், அவருக்கு நேரம் இருக்கும்.