அரக்குத் தட்டில் சானிடைசரா?

ஞாயிற்றுக்கிழமை அண்ணாநகர் மொட்டை மாடியில் பழைய இசைத்தட்டு கேட்கக் கூடியபோது நான் கத்தியதைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்கிறீர்கள். சரி, அத்தனை பேர் முன்னால் கத்தியிருக்கக் கூடாது, தப்புதான். ஆனால் "கரகரப்பைப் போக்கித் தர்றேன்" என்று என் 78 தட்டை (நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய கிராமபோன் தட்டு) வாங்கி நம்மில் ஒருவர் சானிடைசரை ஊற்றித் துடைத்தாரே, அந்தத் தட்டு என்ன ஆனது என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா?

78 தட்டு அரக்கால் ஆனது. அவலரக்கோடு (ஷெல்லாக்) கல்மாவு கலந்து அழுத்திச் செய்தது. மர வேலை செய்யும் எந்த ஆசாரியிடமும் கேட்டுப் பாருங்கள், பிரெஞ்சு பாலிஷ் போட அரக்கை எதில் ஊறவைக்கிறார் என்று. ஸ்பிரிட்டில். சானிடைசரில் இருப்பதும் ஆல்கஹால்தான். அழுக்கு போவதற்கு முன்னால் பாட்டு கரைந்துவிடும்.

"எல்.பி.யை அப்படித்தான் துடைக்கிறேன், ஒன்றும் ஆகலையே" என்கிறார். 1948-ல் வந்த எல்.பி., அதாவது நிறையப் பாட்டு பிடிக்கும் பெரிய தட்டு, வினைல் பிளாஸ்டிக்கால் ஆனது, அது தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தாங்கும். அதற்குமே சானிடைசர் ஆகாது. அதில் சேர்க்கிற கிளிசரின், பாட்டு பதிந்திருக்கும் வரிகளுக்குள் தங்கிப் பிசுபிசுத்து, இன்னும் தூசியை இழுக்கும். தட்டு எதனால் ஆனது என்று தெரியாமல் கை வைக்காதீர்கள், இதைத்தான் அன்றும் சொன்னேன்.

எனக்கு இது புத்தகத்தில் படித்து வந்ததில்லை. அப்பா உசிலம்பட்டிப் பக்கம் மைக் செட் வைத்திருந்தார். காதுகுத்து, சடங்கு, ஊர்ப் பொங்கல் எல்லாவற்றுக்கும் தட்டுப் பெட்டி போகும், 78-ல் ஒரு பக்கம் முடிந்தால் இரும்பு ஊசியை மாற்றிவிட்டுத்தான் அடுத்த பக்கம் போடுவார். ஏழாவது படிக்கும்போது, அவருக்கு உதவுகிறேன் என்று, எல்.பி.களைக் கிணற்றடியில் துணி சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தேன். உப்புத் தண்ணீர். காய்ந்ததும் வரியெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது, மூன்று தட்டு அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. அப்பா அடிக்கவில்லை. ராத்திரி பூராவும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்தார், அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

இன்றைக்கும் மதுரையில் போர் தண்ணீர் அப்படித்தான். அதனால் தட்டைத் துடைக்க அது ஆகாது. பேட்டரிக் கடையில் டிஸ்டில்ட் வாட்டர் கிடைக்கிறது, அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. மெல்லிய துணியால் வரி போகிற போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே இழுக்கக் கூடாது. நடு லேபிள் நனையக் கூடாது. மறுபடி வெறும் டிஸ்டில்ட் வாட்டரால் துடைத்து நிழலில் நிறுத்திவைக்க வேண்டும். ஊசி நுனியில் பஞ்சு மாதிரி சேர்ந்திருப்பதைப் பின்னாலிருந்து முன்னால் வருடி எடுத்தாலே பாதி இரைச்சல் குறையும். பழைய இரும்பு ஊசி அரைத்துத் தேய்த்த வரியை யாராலும் கழுவிச் சரிசெய்ய முடியாது, 78-க்கு அந்தக் கல்மாவால் கூடவே பிறந்த ஒரு 'ஸ்ஸ்' உண்டு. அது போகாது, போகவும் வேண்டாம்.

"கரகரப்புதானே பழைய பாட்டுக்கு அழகு" என்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அது அழுக்கு.

"மனுஷனைவிடத் தட்டு பெருசா?" என்று நீங்கள் கேட்டதுதான் சுட்டது. அப்பாவின் தட்டுகளில் பெரும்பாலானவை, நான் வெளியூரில் வேலையில் இருந்தபோது, பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போய்விட்டன. அப்பாவும் போய்விட்டார். மிச்சம் பதினொன்று. அதில் ஒன்றைத்தான் அன்று கொண்டுவந்தேன், நீங்களும் கேட்க வேண்டும் என்று. பீரோவிலேயே பூட்டி வைத்திருக்கலாமே, யார் கேட்டார்கள்? எனக்கு அந்தத் தட்டு அப்பாவின் கை பட்ட பொருள், அதைக் கடைச்சரக்கு மாதிரி பேசாதீர்கள்.

நேற்று ராத்திரி போட்டுப் பார்த்தேன். இரண்டு விரல் அகலத்துக்குப் பளபளப்பு போய் மங்கியிருக்கிறது. அந்த இடம் வந்ததும் பாடுகிறவர் குரல் இரைச்சலுக்குள் போய், கடைசிச் சரணத்தில்தான் வெளியே வருகிறது. மறுபக்கம் தப்பித்தது. அடுத்த ஞாயிறு அந்தப் பக்கத்தைப் போடுகிறேன், வாருங்கள், அவரும் வரட்டும். தட்டை மட்டும் நானே எடுத்து நானே வைப்பேன்.