மூச்சுப் பயிற்சி சரி, டூட்டி சார்ட் எப்போது வரும்?

ஊட்டியில் ஹோட்டல் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒரு கம்பெனி தன் ஊழியர்களை பஸ் வைத்து மேலே கூட்டி வரும். ஹாலில் "ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட்" என்று பேனர் கட்டியிருப்பார்கள். ஒருவர் மைக்கைப் பிடித்துக் கண்ணை மூடுங்கள், மெதுவாக மூச்சை இழுங்கள், நாலு எண்ணுங்கள் என்பார். கடைசி வரிசைக்குப் பின்னால், விடியற்காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கும் எங்கள் சர்வீஸ் பையன், டீ கப்பைச் சத்தம் வராமல் அடுக்கப் பாடுபட்டுக்கொண்டிருப்பான். அவனை யாரும் உட்கார்ந்து மூச்சு விடச் சொன்னதில்லை.

அந்தப் பயிற்சியைக் கிண்டல் பண்ணவில்லை, படபடப்பு வரும்போது மூச்சை நிதானமாக இழுத்து விட்டால் உடம்பு கொஞ்சம் அடங்கத்தான் செய்கிறது, நானே கவுண்டருக்குக் கீழே குனிந்து பேனா தேடுவதுபோல் செய்வதுண்டு. ஆனால் வேலையிட மன அழுத்தம் என்றதுமே எல்லோரும் நேராக ஊழியரின் மனசுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள் பாருங்கள், அதில்தான் எனக்குக் கோபம். யோகா பண்ணு, பாசிட்டிவாக இரு, நன்றாகத் தூங்கு. சரி, தூங்குகிறேன், எப்போது தூங்குவது என்பதை டூட்டி சார்ட் அல்லவா முடிவு செய்கிறது? அதை யார் போடுகிறார்கள், எத்தனை நாள் முன்னால் போடுகிறார்கள், அதில் நமக்கு ஒரு வார்த்தை சொல்ல இடம் இருக்கிறதா? என்னைக் கேட்டால் பாதி அழுத்தம் அங்கேதான் உற்பத்தியாகிறது.

நான் இருப்பது ஃப்ரண்ட் ஆபீஸ். ஏப்ரல், மே வந்தால் கவுண்டரில் என்ன நடக்கும் என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. 2024 மே 7-ஆம் தேதியிலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மேலே வரும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் அதற்கு வரம்பும் வந்தது, ஒரு நாளைக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. மலை தாங்க வேண்டுமே, அந்த உத்தரவில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பாஸ் கிடைக்காத ஒவ்வொருவரும் போன் போட்டுத் திட்டுவது ரிசப்ஷனைத்தான். சீசனில் போலீஸ் ஒருவழிப் பாதை ஆக்கியிருப்பார்கள், குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும், அதற்கும் நாங்கள்தான் காரணம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மாவட்டத்திலேயே தடை என்றால் "ரூமுக்கு இவ்வளவு வாங்குறீங்க, ஒரு பாட்டில் தண்ணி இல்லையா" என்பார்கள். மழை பெய்தால் எங்கள் தப்பு, பெய்யாவிட்டாலும் எங்கள் தப்பு. மிஸ்ட் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டு, ஒன்பது மணிக்கு வரவில்லையே என்று திரும்பி வந்து சண்டை போட்டவர்களையெல்லாம் பார்த்திருக்கிறேன். இத்தனைக்கும் முகத்தில் சிரிப்பு இருக்க வேண்டும். சிரிக்கவில்லை என்றால் ஒரு ஸ்டார் குறையும், ஸ்டார் குறைந்தால் மறுநாள் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிடுவார்கள்.

இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது எனக்கு ஆறுதலாக இருந்தது ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979-ல் சொன்ன விஷயம். வேலை அதிகமாக இருப்பது மட்டும் ஆளைச் சாய்ப்பதில்லை, வேலை அதிகமாக இருந்து முடிவெடுக்கும் உரிமை கையில் இல்லாமல் போகும்போதுதான் அது ஆளைத் தின்கிறது என்றார். லண்டனில் அரசு ஊழியர்களை வைத்து 1960-களின் கடைசியில் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வும் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான் போகிறது. பெரிய பொறுப்பில் இருக்கும் அதிகாரிக்குத்தான் மாரடைப்பு வரும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே வாசல் காவலர், கடிதம் கொண்டுபோகிறவர் போன்ற கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்த விகிதம் உயர் அதிகாரிகளுடையதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் எல்லாம் கணக்கில் சேர்த்துப் பார்த்தும் வித்தியாசம் முழுசாகத் தீரவில்லை. பின்னால் வந்த இரண்டாம் ஆய்வில், தன் வேலையில் தன் பேச்சு எடுபடாமல் இருப்பதும் ஒரு காரணமாகத் தெரியவந்தது.

இது எங்கள் கவுண்டரிலேயே தெரியும். வெந்நீர் வரவில்லை என்று கெஸ்ட் கத்துகிறார், ஐந்நூறு ரூபாய் குறைத்தால் விஷயம் முடிந்தது. எனக்கு அந்த அதிகாரம் கிடையாது. மேனேஜர் போனை எடுக்கவில்லை, ஓனர் கோயம்புத்தூரில். அந்த இருபது நிமிடம் நான் அங்கே நிற்பது திட்டு வாங்குவதற்கு மட்டும்தான். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் வேறு ஏற்பாடு. ஒரு சின்னத் தொகை வரைக்கும் ரிசப்ஷனே குறைக்கலாம், செக்-அவுட் ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுக்கலாம், டீ அனுப்பலாம், யாரிடமும் கேட்க வேண்டாம், ரிஜிஸ்டரில் எழுதினால் போதும். அங்கேயும் கெஸ்ட் கத்தத்தான் செய்தார்கள். ஆனால் வீட்டுக்குப் போனபிறகும் கை நடுங்கிக்கொண்டிருக்கவில்லை. ஓனருக்கு அதில் பெரிய செலவும் ஆகவில்லை, ரிஜிஸ்டரே சாட்சி.

அப்புறம் பிரேக் ஷிஃப்ட். இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ. காலை ஏழிலிருந்து பதினொன்று, மறுபடி மாலை ஆறிலிருந்து இரவு பதினொன்று. கணக்கில் ஒன்பது மணி நேரம்தான். ஆனால் மஞ்சூர் பக்கத்திலிருந்து வருகிற ஆள் நடுவில் வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியுமா? ஸ்டாஃப் ரூமில் படுத்துப் புரள்வதுதான், நாள் முழுக்க ஹோட்டலுக்கே போகிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட கணக்குப்படி, வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிட 55 மணி நேரமோ அதற்கு மேலோ செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் 2023 ஏப்ரலில் நம் சட்டப்பேரவையில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கும். அந்தச் செய்தி டிவியில் ஓடியபோது எங்கள் கிச்சனில் ஒருவர் கேட்டார், "பன்னெண்டு மணிதானாங்க?"

இரவு ஷிஃப்ட் முடிந்து போகும் ஹவுஸ்கீப்பிங் அக்காக்களுக்கு வழியில் காட்டெருமை நிற்கும், சில பக்கம் கரடி. டார்ச் அடித்துக்கொண்டு நாலு பேராகச் சேர்ந்து போவார்கள். பயமாக இல்லையா என்று ஓர் அக்காவிடம் கேட்டேன். "எருமை கொஞ்ச நேரத்துல வெலகிப் போயிரும்மா, குரூப்ல மெசேஜ் போடுறாரே அவருதான் வெலக மாட்டேங்கிறாரு" என்றார். வாட்ஸ்அப் குரூப்பில் ராத்திரி பதினொன்றரைக்கு "நாளை ஆஃப் கேன்சல்" என்று வந்து விழுமே, அதைத்தான் சொன்னார். எதிரே ஆபத்து நிற்கும்போது உடம்பு முறுக்கேறும், அது போனதும் தளர வேண்டும். தளர விடாமல் மாதக்கணக்கில் முறுக்கேற்றியே வைத்தால் தூக்கம் போகும், வயிறு கெடும், வீட்டில் பிள்ளை மேல் எரிந்து விழுவோம். வேலையால் வரும் இந்த முழுச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய் வகைப்பாட்டில் சேர்த்தது, அதையும் நோய் என்று சொல்லாமல் வேலை சார்ந்த நிலை என்றுதான் சேர்த்தது. சக்தி வற்றிப்போவது, வேலை மேல் வெறுப்பு, எதைச் செய்தும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம், இந்த மூன்றும்தான் அதன் அடையாளம். கெஸ்ட் பிள்ளைகளைக் கண்டால் கொஞ்சிக்கொண்டிருந்த ஓர் அக்கா, போன சீசன் முடிவில் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் பெட்ஷீட் மாற்றிக்கொண்டிருந்தார். எல்லோரும் திமிர் என்றார்கள்.

ஆண்கள் பாதிப் பேர் இதற்கு மருந்து டாஸ்மாக்கில் தேடுகிறார்கள். நீலகிரியில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் வருகிறது, அது ஒன்றுதான் மிச்சம்.

ஓனர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆறு வாரத்தில் சம்பாதித்து வருஷம் முழுக்க லீஸும் வட்டியும் கட்ட வேண்டும், ஜூலை மழையில் ரூம் எல்லாம் காலி. "சீசன்ல கொஞ்சம் பொறுத்துக்கோங்க, அப்புறம் ரெஸ்ட்தானே" என்பார்கள். அந்த ரெஸ்ட் பாதிச் சம்பள ரெஸ்ட். பிள்ளைகளுக்கு ஸ்கூல் லீவு விடுவதும் சரியாக சீசனில்தான், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அம்மாவோடு மலர்க் கண்காட்சி பார்த்ததே இல்லை. வேலை கூடும் என்பது தெரிந்ததுதான், கூடட்டும். என்றைக்கு ஆஃப் என்பது முன்கூட்டியே தெரிந்தால் அந்த ஒரு நாளையாவது பிள்ளைகளிடம் சொல்லி வைக்கலாம்.

சட்டம் ஒன்றும் இருக்கிறது, எங்கள் ஆட்களில் பலருக்கே தெரியாது. கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு திருத்தம் கொண்டுவந்தது. கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டால் கெஸ்ட்டுக்கு மரியாதைக் குறைவு என்று இன்னமும் சொல்கிறார்கள்.

நிலைமை கைமீறிப் போனவர்கள், தூக்கமே வராதவர்கள், செத்துப்போகலாம் என்று தோன்றுகிறவர்கள் தயவுசெய்து ஓனர் திருந்தும்வரை காத்திருக்க வேண்டாம். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இருபத்து நாலு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். பிரேக் ஷிஃப்ட் நடுவில்கூடக் கூப்பிடலாம்.

இந்த வருஷம் நாங்கள் சேர்ந்து ஒரு பேப்பர் எழுதிக் கொடுத்திருக்கிறோம். டூட்டி சார்ட் ஒரு வாரம் முன்னால் ஒட்ட வேண்டும், இரவு ஒன்பதுக்கு மேல் குரூப்பில் மெசேஜ் கூடாது, கெஸ்ட் கத்திவிட்டுப் போனால் அந்த ஆளைப் பத்து நிமிடம் கவுண்டரை விட்டு மாற்றிவிட வேண்டும், ஒரு ஸ்டூல். மேனேஜர் படித்துவிட்டு மூன்றாவதற்கு மட்டும் உடனே சரி என்றார். மற்றது ஓனர் கோயம்புத்தூரிலிருந்து வந்ததும் பேசலாமாம்.