டவருக்கு மனு எழுதுகிறோம், எர்த்தைக் கண்டுகொள்வதில்லை

நம்ம குமரி மாவட்டத்தில் ஒரு தெருவுக்கு செல்போன் டவர் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டால் போதும், மனு தயாராகிவிடும். கதிர்வீச்சு வரும், குருவி போய்விடும், தென்னை காய்ப்பு குறையும் என்று காரணங்களை அடுக்குவார்கள். கேள்வி கேட்பது நல்லதுதான். ஆனால் அதே தெருவில், சித்திரை மாதச் சாயங்காலம் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து ஒரே ஒரு மின்னல் வெட்டி, வரிசையாக நாலைந்து வீட்டில் டிவியும் மோடமும் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரும் போனால் யாரும் வாய் திறப்பதில்லை. "இடியில போச்சு மக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த டிவிக்குத் தவணை கட்டப் போய்விடுகிறோம்.

என் கருத்து இதுதான்: மாறும் மின்காந்தப் புலத்தைப் பார்த்து நாம் பயப்பட வேண்டியதுதான், ஆனால் தப்பான இடத்தில் பயப்படுகிறோம்.

"வீட்டு மேல இடி விழவே இல்லை, தள்ளி நிக்கிற தென்னையிலதான் விழுந்துது, அப்புறம் எப்படி டிவி போகும்?" எல்லாரும் கேட்கிற கேள்வி. இதற்கான விடையை விஞ்ஞானி ஃபாரடே 1831 இலேயே கண்டுபிடித்துவிட்டார். ஒரு கம்பி வளையத்தின் வழியாகப் போகும் காந்தப் புலம் மாறினால் அந்த வளையத்தில் மின்னழுத்தம் பிறக்கும். தொட வேண்டியதில்லை. புலம் எவ்வளவு பெரியது என்பதைவிட எவ்வளவு வேகமாக மாறுகிறது, வளையம் எவ்வளவு அகலமானது என்பதுதான் கணக்கு.

கணக்கையே போட்டுப் பார்க்கலாம். மின்னலில் சாதாரணமாக 30,000 ஆம்பியர் அளவில் மின்சாரம் பாயும். அது ஒரு மைக்ரோநொடியில், அதாவது நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டில் கரண்ட் வயரும் டிஷ் கேபிளும் சேர்ந்து 10 சதுர மீட்டர் அளவில் ஒரு வளையம் போட்டிருக்கின்றன. 100 மீட்டர் தள்ளி மின்னல் விழுகிறது. அந்த வளையத்தில் எழும் அழுத்தம் ஏறத்தாழ 600 வோல்ட். செட்டாப் பாக்ஸின் கேபிள் முனைக்கு அதில் பத்தில் ஒரு பங்கே அதிகம். அதே வளையத்துக்குப் பக்கத்தில், 10 மீட்டர் தூரத்தில், 100 ஆம்பியர் ஓடும் ஒற்றை ஈபி கம்பி இருந்தால் கிடைப்பது வோல்ட்டில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஈபி கரண்ட் நொடிக்கு 50 சுழற்சிதான் மாறுகிறது. மின்னலோடு ஒப்பிட்டால் அது நின்றுகொண்டிருக்கிறது என்றே சொல்லலாம்.

மெதுவான மாற்றத்துக்குச் சக்தியே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. வளையம் பெரிதாக இருந்தால் அதுவும் வேலை காட்டும். நம்ம ஊர்கள் பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டி இருக்கின்றன. தலைக்கு மேலே நூறு கிலோமீட்டர் சொச்சம் உயரத்தில் பகல் முழுக்க ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. 1963 இல் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைய இதுவே முக்கியக் காரணம். அந்த மின்னோட்டம் மணிக்கணக்கில்தான் ஏறி இறங்கும், ஆனாலும் நம்ம கடலிலும் நிலத்தடியிலும் மின்சாரத்தைத் தூண்டிவிடுகிறது. கடல்தான் அதற்கு வளையம். உங்கள் வீட்டு வயரிங் அந்த அளவுக்கு இல்லை என்பதால் அது உங்களுக்குத் தெரிவதில்லை.

இனி அலைக்கு வருவோம், மனு எழுதுகிறவர்கள் பயப்படுவது அதற்குத்தானே. கம்பியில் ஓடும் மின்சாரம் வேகமாக மாறும்போது அதைச் சுற்றியுள்ள புலத்தில் ஒரு பகுதி திரும்பக் கம்பிக்கு வராமல் பிரிந்து ஓடிவிடும். இதை மாக்ஸ்வெல் 1865 இல் சமன்பாட்டில் சொன்னார், ஹெர்ட்ஸ் 1887-88 இல் சோதனையில் மின்பொறியாகக் காட்டினார். ஆனால் ஒழுங்காக அலை பரப்ப வேண்டுமென்றால் கம்பியின் நீளம் அலைநீளத்தோடு ஓரளவாவது பொருந்த வேண்டும். ஈபி கரண்டின் அலைநீளம் 6,000 கிலோமீட்டர். அதனால் வீட்டு வாசலில் போகும் லைன் அலை என்று எதையும் சொல்லும்படி அனுப்புவதில்லை, பக்கத்தில் புலம் மட்டும்தான். பக்கத்து மாவட்டத்து விஜயநாராயணத்தில் கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் நிலையத்தைப் பாருங்கள். 18 கிலோஹெர்ட்ஸ் அளவிலான அலையை வெளியே தள்ள அங்கே 471 மீட்டர் உயரத்துக்குக் கம்பம் நிறுத்த வேண்டியிருக்கிறது. அதுகூட அந்த அலைநீளத்துக்குக் குட்டைதான். செல்போனின் 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கோ நீளம் 33 சென்டிமீட்டர், கையடக்க ஆன்டெனா போதும்.

மின்னல் இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்கிறது. பக்கத்தில் தூண்டுகிறது, தூரத்துக்கு அலையாகப் போகிறது. பழைய ஏஎம் ரேடியோவில் மழை வருவதற்கு முன்னால் கரகரவென்று கேட்குமே, அது பேச்சிப்பாறைக்கு அந்தப் பக்கம் வெட்டும் மின்னலின் ரேடியோ அலை. ரஷ்யாவில் போப்போவ் 1895 இல் இதை வைத்தே இடிமழையைக் கண்டறியும் கருவி செய்தார். டவரின் அலையைப் பார்த்துப் பதறுகிறவர்கள் இந்த அலையையும் காலங்காலமாக வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

டவரில் ஒன்றுமே இல்லை என்று நான் சான்றிதழ் தரவில்லை. 2011 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடியோ அலையை "காரணமாக இருக்கக்கூடும்" என்ற வகையில் வைத்தது உண்மை. அதற்கு முன்பே 2002 இல், ஈபி லைனைச் சுற்றியிருப்பது போன்ற மெதுவான காந்தப் புலத்தையும் அதே வகையில்தான் வைத்தது. நம் நாட்டில் 2012 செப்டம்பர் முதல் டவருக்கான வரம்பு, சர்வதேசப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்கு. எனக்குச் சிரிப்பு வருவது வேறொன்றுக்கு. டவர் தூரமாகப் போனால் சிக்னல் குறையும், சிக்னல் குறைந்தால் காதில் ஒட்டியிருக்கும் போன் முழுச் சக்தியில் கத்தும். டவரைத் துரத்தி, அலையைக் காதுக்கே கொண்டுவருகிறோம்.

சரி, டிவியைக் காப்பாற்ற என்ன செய்வது? முதலில் எவை காப்பாற்றாது என்று சொல்லிவிடுகிறேன். கரண்ட் மீறினால் தானே விழும் எம்சிபி காப்பாற்றாது, கசிவு வந்தால் விழும் ஆர்சிசிபி காப்பாற்றாது, ஸ்டெபிலைசர் காப்பாற்றவே காப்பாற்றாது. இவை மில்லிநொடிக் கணக்கில் வேலை செய்பவை, அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். கோயில் கோபுரத்திலோ சர்ச் உச்சியிலோ இருக்கும் இடிதாங்கி அந்தக் கட்டடத்துக்குத்தான், உங்கள் டிவிக்கு இல்லை.

வளையத்தைச் சின்னதாக்க வேண்டும். பெரும்பாலான வீட்டில் கரண்ட் முன்பக்கத்தில் நுழையும், டிஷ் கேபிள் மொட்டைமாடியிலிருந்து பின்பக்கம் இறங்கும், கிணற்று மோட்டார் வயர் இன்னொரு மூலையில் வரும். எல்லாம் டிவி மேசையிலும் போர்டிலும் வந்து சந்திக்கும். வீடு முழுக்க ஒரே வளையம்! வீடு கட்டும்போதே எல்லாவற்றையும் ஒரே பக்கம் சேர்த்துக் கொண்டுவந்தால் பாதிப் பிரச்சினை தீரும். டிஷ்ஷுக்குத் தனி எர்த், மெயினுக்குத் தனி எர்த் என்று போட்டு இரண்டையும் இணைக்காமல் விடுவது இன்னும் மோசம். இடி விழும்போது இரண்டு குழிகளின் அழுத்தமும் வேறுவேறாக இருக்கும், அந்த வித்தியாசம் டிவி வழியாகத்தான் பாயும்.

மெயின் போர்டில், திடீரென ஏறும் அழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் சர்ஜ் புரொடெக்டர் போடச் சொன்னால் சில வயர்மேன்கள் போடுகிறார்கள், ஆனால் மிச்ச எர்த் வயரை அழகாகச் சுருட்டிக் கட்டி வைத்துவிடுகிறார்கள். இதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். நேரான ஒரு மீட்டர் கம்பிக்கே ஏறத்தாழ ஒரு மைக்ரோஹென்றி தூண்டல் உண்டு, அதாவது வேகமாக மாறும் மின்சாரத்தை எதிர்க்கும் குணம். ஒரு மைக்ரோநொடியில் 1,000 ஆம்பியர் ஏறினால் அந்த ஒரு மீட்டரிலேயே 1,000 வோல்ட் நிற்கும். சுருட்டினால் அதைவிடக் கூடும். வயர் குட்டையாகவும் நேராகவும் இருக்க வேண்டும்.

எர்த் குழியும் அப்படித்தான். கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண்ணும் செம்பாறையும் பங்குனியில் எலும்பாகக் காய்ந்துவிடும். கோடை இடி வருவதும் சரியாக அப்போதுதான். வீடு கட்டியபோது கரியும் உப்பும் போட்டு மூடிய குழியை அதற்கப்புறம் யார் திறந்து பார்த்தோம்? கோடையில் வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதற்குக் காசு செலவில்லை. மழை இருட்டும்போதே பிளக்கைப் பிடுங்குவதும் இலவசம்தான், ஆனால் டிஷ் கேபிளையும் கழற்ற வேண்டும். பலர் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். ஃபைபர் இணைப்புக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் யோகம், கண்ணாடி இழையில் மின்சாரம் ஏறாது. கேபிளோடு ஒட்டிவரும் எஃகுக் கம்பியை மட்டும் வீட்டுக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் டவருக்கு எதிராக மனு எழுதத்தான் வேண்டும் என்றால், ஒரு நல்ல காரணம் இருக்கிறது. உயரமான இரும்பு என்பதால் டவர் அதிகமாக இடி வாங்கும். அந்த மின்சாரம் இறங்கும்போது பக்கத்து வீட்டு வளையங்களில் தூண்டல் நடக்கும், எர்த் சரியில்லையென்றால் சுற்றியுள்ள மண்ணின் அழுத்தமும் ஏறும். ஆகவே கேட்க வேண்டியது டவரின் எர்த்துக்கு மின்தடை எத்தனை ஓம், கடைசியாக எப்போது அளந்தார்கள் என்பதை. கூடவே தெரு டிரான்ஸ்ஃபார்மரில், லைன் வழியாக வரும் இடியை மண்ணுக்குத் திருப்பும் இடிதாங்கி உயிரோடு இருக்கிறதா, நியூட்ரல் எர்த்தை யாராவது சோதித்தார்களா என்றும் கேட்கலாம். மே 1 கிராம சபை கோடை இடிக்கு நடுவில் வருகிறது, அக்டோபர் 2 கிராம சபை ஐப்பசி இடிக்குச் சற்று முன்னால் வருகிறது. இந்த மூன்று கேள்விகளையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம்.